பெயர் தொலைத்த இரும்புகள்

பர்மிங்ஹாம் நியூ ஸ்ட்ரீட் நிலையத்தில் இறங்கி வடக்குப் பக்கமாகக் கால்மணி நேரம் நடந்தால் ஸ்டீல்ஹவுஸ் லேன் வந்துவிடும். ஒரு பக்கம் குழந்தைகள் மருத்துவமனை, மறுபக்கம் பழைய காவல் நிலையம், கொஞ்சம் தள்ளிச் சிவப்புச் சுடுமண் வேலைப்பாட்டோடு விக்டோரியா நீதிமன்றம். ஆம்புலன்ஸும் வக்கீல்களும் கைக்குழந்தைக்காரர்களுமாக எந்நேரமும் பரபரப்பு. இந்தத் தெருவையும், இதற்குப் பின்புறம் லவ்டே ஸ்ட்ரீட், பிரைஸ் ஸ்ட்ரீட், பாத் ஸ்ட்ரீட் என்று பின்னிக் கிடக்கும் தெருக்களையும் சேர்த்து 'கன் குவார்ட்டர்' என்கிறார்கள். கடல் கடந்து பல கண்டங்களுக்குத் துப்பாக்கி போன பேட்டை இது.

பேட்டையில் பெரும்பகுதி இன்று இல்லை. 1960களில் நகரைச் சுற்றிப் போட்ட பெருஞ்சாலை இதன் நடுவே புகுந்து போனது. பட்டறைகள் இருந்த இடத்தில் மாணவர் விடுதிகளும் அடுக்குமாடிகளும் எழுந்துவிட்டன. 2011-இல் நகராட்சி இந்த வட்டாரத்தின் பெயரையே எடுத்துவிட்டு, பக்கத்துத் தேவாலயங்களின் பெயரைச் சூட்டியது. ஊர்க்காரர்கள் விடவில்லை. மனுப் போட்டுப் போராடிப் பழைய பெயரைத் திரும்ப வாங்கிவிட்டார்கள். பாத் ஸ்ட்ரீட்டில் 'கன்மேக்கர்ஸ் ஆர்ம்ஸ்' என்ற மதுக்கடை பழைய பெயர்ப்பலகையோடு நிற்கிறது. துப்பாக்கி வேலை செய்கிறவர்கள் இன்னும் சிலர் மாடிப் பட்டறைகளில் இருக்கிறார்கள்.

நான் போனது அப்படி ஒரு மாடிப் பட்டறைக்குத்தான். பல காலம் அங்கே துப்பாக்கி பழுது பார்த்தவர் இறந்துபோனார். உரிமம் வேண்டிய சாமான்களை முறைப்படி ஒரு வியாபாரி எடுத்துச் சென்றுவிட்டார். மிச்சம் கிடந்தவை பெட்டி பெட்டியாகக் கருவிகளும் பழங்கால உதிரிகளும். அவற்றை வகை பிரித்து, பெயர் எழுதி, ஒரு காப்பகத்துக்குக் கொடுக்கும் பொறுப்பை அவருடைய பழைய சகா ஒருவர் ஏற்றிருந்தார். எண்பதைத் தாண்டிய பெரியவர். பதினைந்து வயதில் இந்தத் தெருவில் வேலைக்குச் சேர்ந்தவர். 'ஃபினிஷர்' என்பது அவர் தொழில். பிறர் செய்து தந்த பாகங்களைப் பொருத்தி, இழைத்து, துப்பாக்கியை முடித்துக் கொடுக்கிறவர். என் யாழ்ப்பாணத்து நண்பர் அந்த ஊரில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். பெரியவருக்கு அவரைப் பழக்கம். "அண்ணை, நீங்கள் இப்பிடிப் பழைய சாமான் எண்டால் உயிரை விடுவியள், வாங்கோ" என்று கூப்பிட்டார். போனேன்.

பட்டறையின் ஒரு சுவர் முழுக்கச் சன்னல். அதை ஒட்டி நீளமான வேலை மேசை, அதில் வைஸ்கள். மேசை விளிம்பில் உடம்பு சாய்ந்து சாய்ந்து மரம் வழவழவென்று குழிந்திருந்தது. ஈயக் குண்டு வார்க்கும் அச்சு, திரி வெட்டும் உளி, சாணைக்கல், நூற்றுக்கணக்கான அரங்கள். எண்ணெயும் துருவும் கலந்த வாசனை.

பெரியவர் முதலில் செய்தது பெயர் எழுதுவதல்ல. மூலையில் கிடந்த, வாய்வழியே வெடிமருந்து இடும் ஒரு பழைய துப்பாக்கிக் குழலை எடுத்தார். மெல்லிய மரக்குச்சி ஒன்றை அதன் வாயில் விட்டு, அடியில் தட்டும்வரை இறக்கி, வாய் விளிம்பில் விரலால் குறி வைத்தார். குச்சியை வெளியே எடுத்துக் குழலின் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தார். குச்சி பின்முனை வரை எட்டினால் குழல் காலி. இரண்டு மூன்று அங்குலம் முன்னாலேயே நின்றுவிட்டால் உள்ளே மருந்தும் குண்டும் கெட்டித்துக் கிடக்கிறது என்று பொருள். நூறாண்டுக்கு முன் யாரோ கெட்டித்து மறந்த கருமருந்து, ஈரம் படாமல் இருந்தால் இன்றும் வெடிக்கும். பழைய துப்பாக்கியைக் கையில் எடுக்கிற யாரும் இதைச் செய்யாமல் அடுத்த வேலைக்குப் போகக்கூடாது என்றார். அந்தக் குழல் காலி.

பிறகு பெட்டிகளைக் கவிழ்த்தோம். மேசையில் பரப்பிப் பார்த்தபோது தலை சுற்றியது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரும்புத் துண்டுகள். இதற்குக் காரணம் இந்த ஊரின் தொழில் முறையிலேயே இருக்கிறது. பர்மிங்ஹாமில் ஒரு துப்பாக்கியை ஒரு கொல்லர் செய்ததில்லை. குழல் அடித்து ஒட்டுபவர் ஒருவர், அதைக் கடைந்து துளையைச் சீராக்குபவர் இன்னொருவர், பூட்டுக்கு இரும்பு அடிப்பவர், அதை அராவுபவர், கட்டை செதுக்குபவர், திருகாணி போடுபவர், குழலுக்குப் பழுப்பு நிறம் ஏற்றுபவர், செதுக்குச் சித்திரம் போடுபவர் என்று ஐம்பதுக்கும் மேற்பட்ட தனித்தனித் தொழில்கள். ஒவ்வொருவருக்கும் தனிப் பட்டறை. அரைகுறைத் துப்பாக்கிகளைச் சிறுவர்கள் தோளில் சுமந்துகொண்டு ஒரு வாசலிலிருந்து அடுத்த வாசலுக்கு ஓடுவார்கள். 1693-இல் அரசாங்கத்துக்கு மாதம் 200 துப்பாக்கி செய்து தருவதாக இந்த ஊர்க் கொல்லர்கள் ஒப்பந்தம் போட்டார்கள். நெப்போலியன் போர்க் காலத்தில், 1804 முதல் 1815 வரை, அரசுக்காக இங்கே முடித்துக் கொடுத்த துப்பாக்கிகள் 17 லட்சத்துக்கும் மேல். தனியாகச் செய்து அனுப்பிய குழல்கள் 30 லட்சம். இத்தனையும் பெரும்பாலும் கைவேலை.

அதனால்தான் பெட்டியில் கிடக்கும் பொருளுக்குப் பெயர் கண்டுபிடிப்பது இவ்வளவு கடினம். ஒரு தொழில்காரரின் கருவி அடுத்த தொழில்காரருக்குத் தெரியாது. பெரியவரே சில பொருள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது என் வேலை அல்ல" என்று தனித் தட்டில் போட்டார். அறுபது ஆண்டுக்கு மேல் அதே தெருவில் இருந்தவர் சொன்ன வார்த்தை அது.

எங்களை வெகுநேரம் நிறுத்திவைத்தது ஒரு நீண்ட கம்பி. அதன் முனையில் சதுரப் பட்டையாக ஒரு எஃகுத் துண்டு, சாண் நீளத்துக்கும் மேல் இருக்கும். நான்கு விளிம்பில் ஒன்று மட்டும் கத்திபோலக் கூர். எதிர்ப்பக்கத்தில் எண்ணெய் ஊறிக் கறுத்த மரச் சிம்பு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. நண்பர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உடைஞ்ச கருவிக்கு ஆரோ மரம் வைச்சு முட்டுக் குடுத்திருக்கினம் போல" என்றார். மரத்தை நகத்தால் மெல்ல நெம்பினேன். அடியில் ஒரு தாள் துண்டு, அதன் கீழே இன்னொன்று. பழைய கணக்குப் புத்தகத் தாள். பேனா மையில் எழுதிய எண்கள்கூடத் தெரிந்தன.

பெரியவர் முகம் மலர்ந்தது. குழலின் உட்துளையைக் கடையும் கருவி அது. சதுர எஃகின் ஒரு விளிம்பு மட்டும் இரும்பைச் சீவும். எதிரே உள்ள மரம் குழலின் சுவரில் சாய்ந்துகொண்டு, கருவி தடுமாறாமல் பார்த்துக்கொள்ளும். ஒருமுறை கடைந்து முடித்ததும் மரத்துக்கு அடியில் ஒரு தாளைச் செருகுவார்கள். தாளின் கனம் எவ்வளவோ அவ்வளவு மட்டும் துளை அகலும். இன்னும் ஒரு மயிரிழை வேண்டுமா, இன்னொரு தாள். நுண்ணளவு எந்திரம் எதுவும் இல்லாத காலத்தில் ஒரு குழலின் உள்ளளவைக் காகிதக் கனத்தால் கட்டுப்படுத்தினார்கள். லேத்தில் மைக்ரான் கணக்கில் வேலை செய்கிற என் நண்பர் அதைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசவில்லை. மரச் சிம்பைக் குப்பை என்று கழற்றி எறிந்திருந்தால் மிஞ்சுவது வெறும் இரும்புக் கம்பி. அதன் வேலையைச் சொல்வது நிபுணருக்கும் கடினமாகியிருக்கும்.

அடுத்தது ஒரு பூட்டு. துப்பாக்கியின் பக்கவாட்டில் பதியும் அந்த இயந்திரத்தைத்தான் பூட்டு என்கிறோம். வெளிப்பலகையில் லண்டன் கடை ஒன்றின் பெயர், இலையும் கொடியுமாகச் சித்திரம். பெரியவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. திருப்பி உள்பக்கம் பார்த்தார். உள்ளே சிறிய எழுத்தில் 'பிரேசியர்' என்று முத்திரை. ஜோசப் பிரேசியர் வுல்வர்ஹாம்ப்டன் ஊர்க்காரர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தலைசிறந்த பூட்டுகள் அவர் பட்டறையில் செய்தவை. லண்டனின் பெரிய கடைகள் அவற்றை வாங்கித் தங்கள் பெயரை வெளியே போட்டுக்கொண்டன. வெளிப்பெயர் விற்றவருடையது, உள்முத்திரை செய்தவருடையது. பழைய துப்பாக்கிப் பாகம் எதைக் கையில் எடுத்தாலும் முதலில் கண்ணுக்குத் தெரியாத பக்கத்தைப் பாருங்கள் என்பது பெரியவர் சொல்லித் தந்த பாடம். அங்கே முதலெழுத்துகள் இருக்கும், அரத்தால் போட்ட கீறல்கள் இருக்கும், ரோமன் எண்கள் இருக்கும். ஒரே மாதிரி தெரியும் இரண்டு திருகாணிகள் கைவேலைத் துப்பாக்கியில் இடம் மாறினால் சேராது. அதனால் எது எங்கே என்று கொல்லர் தனக்காகப் போட்டுக்கொண்ட அடையாளங்கள் அவை.

அந்தப் பூட்டின் உள்ளே, சுத்தியல்போல விழுந்து அடிக்கும் குதிரையோடு சேர்ந்து சுழலும் வட்டின் பள்ளத்தில் மிளகு அளவு இரும்புத் துணுக்கு ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. இடுக்கியால் எடுத்து வெள்ளைத் துணியில் வைத்தார். வட்டில் இரண்டு வெட்டுகள் இருக்கும். ஒன்று பாதி இழுத்த நிலைக்கு, மற்றது முழுதும் இழுத்த நிலைக்கு. லேசாகத் தொட்டாலே சுடும் விசை உள்ள ரைஃபிள்களில், குதிரை விழும்போது, வட்டைப் பிடித்து நிறுத்தும் பிடிநெம்பு வழியில் உள்ள பாதி வெட்டில் மாட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. அந்த வெட்டை ஒரு கணம் மூடிக் கொடுப்பதற்குத்தான் இந்தத் துணுக்கு. ஆங்கிலத்தில் இதை 'ஃப்ளை' என்கிறார்கள். பூட்டைக் கழற்றித் துடைக்கிறவர்கள் முதலில் தொலைப்பது இதைத்தான். பெட்டியின் அடியில் இருந்த தூசியை நாங்கள் ஒரு தாளில் கொட்டிக் காந்தம் வைத்துத் துழாவினோம். இன்னும் சில கிடைத்தன.

மற்றவை வேகமாக நடந்தன. வளைந்த ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் சிறு கவ்வி. கேப்பு மாட்டும் முலையைக் கழற்றும் சாவி. காகிதத் தோட்டாவின் விளிம்பை உள்ளே மடக்கும், கைப்பிடி வைத்த பித்தளை இயந்திரம்; பார்ப்பவர்கள் சமையலறைச் சாமான் என்றே நினைப்பார்கள். சிக்கிமுக்கிக் கற்கள் சில, ஈயத் தகட்டில் சுற்றியபடி. அந்தக் கற்கள் சஃபோக் மாவட்டத்தின் பிராண்டன் ஊரில் உடைத்துச் சீராக்கியவையாக இருக்க வேண்டும். இங்கிலாந்தின் துப்பாக்கிகளுக்குக் கல் பெரும்பாலும் அங்கிருந்துதான் வந்தது. திருப்புளிகள் மட்டும் ஒரு பெட்டி நிறைய. ஒவ்வொன்றின் நுனியும் வெவ்வேறு கனம். நல்ல துப்பாக்கியில் திருகாணித் தலையின் வெட்டு மயிரிழை அகலம்தான் இருக்கும். அந்த ஒரு வெட்டுக்கென்றே ஒரு திருப்புளியைத் தீட்டி வைத்துக்கொள்வார்கள். வேலை முடிந்ததும் வெட்டுகள் எல்லாம் குழலின் திசையில் ஒரே கோட்டில் நிற்க வேண்டும்.

சிமினி இல்லாத சிறு எண்ணெய் விளக்கு ஒன்றும் கிடந்தது. வெளிச்சத்துக்கு என்றுதான் நான் எண்ணினேன். பெரியவர் திரியை ஏற்றி, புகை எழும்பச் செய்து, ஒரு பூட்டுப் பலகையை அதன்மேல் காட்டினார். பலகை கரி பூசிக் கறுத்தது. அதை மரக்கட்டையின் பள்ளத்தில் அழுத்தி எடுத்தார். கரி ஒட்டிய இடங்களில் மரம் மேடு. அந்த இடத்தை மட்டும் உளியால் சுரண்ட வேண்டும். மறுபடி புகை, மறுபடி அழுத்தல். பள்ளம் முழுக்க ஒரே சீராகக் கரி படியும்வரை விடுவதில்லை. இரும்புக்கும் மரத்துக்கும் நடுவே மெல்லிய தாள்கூட நுழையாத பொருத்தம் அப்படித்தான் வருகிறது. அந்தக் கைகள் நடுங்கவே இல்லை.

ஒரு பலகை என்னை வேறு இடத்துக்குக் கொண்டுபோனது. பூட்டு இல்லாத வெறும் பலகை. அதில் பின்னங்காலில் நிற்கும் சிங்கம் ஒன்று பொறித்திருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரை. அதற்கு முன் கம்பெனி தன் துப்பாக்கிகளில் இதய வடிவத்துக்குள் தன் முதலெழுத்துகளைப் போட்டுவந்தது. 1808 வாக்கில்தான் சிங்கம் வந்தது. ஆகவே இந்தப் பலகை கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட 1799-ஐயோ, மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட 1801-ஐயோ சேர்ந்ததல்ல. அந்த ஆண்டுகளில் கம்பெனிச் சிப்பாய்கள் ஏந்தியவற்றில் இதய முத்திரைதான் இருந்திருக்கும். ஒரு முத்திரை ஒரு காலத்தை அப்படி அறுத்துக் காட்டிவிடுகிறது. ஆனால் எந்த முத்திரையானாலும் அது யார் மார்பை நோக்கி நீட்டப்பட்டது என்பதை எண்ணாமல் அந்தப் பலகையை என்னால் மேசையில் திரும்ப வைக்க முடியவில்லை.

இந்தக் கேள்வி இந்தத் தெருவுக்கும் புதிதல்ல. ஸ்டீல்ஹவுஸ் லேனில் துப்பாக்கித் தொழில் நடத்திய சாமுவேல் கால்டன் குவேக்கர் சமயத்தவர். போரை ஏற்காத சமயம் அது. பர்மிங்ஹாம் துப்பாக்கிகள் மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போய் அடிமை வியாபாரத்தில் மனிதர்களுக்கு விலையாக மாறிக்கொண்டிருந்த காலம். சக குவேக்கர்கள் அவரைக் கேள்வி கேட்டார்கள். தன் தொழிலை அவர் எழுத்தில் நியாயப்படுத்தினார். 1796-இல் அவரைச் சபையிலிருந்து விலக்கினார்கள். அவர்கள் செய்தது சரி என்பதே என் எண்ணம். அரம் பிடித்த கைகளின் திறமையை மதிக்கிறேன். அந்தத் திறமை போன இடங்களை மறைத்து அதைக் கொண்டாட முடியாது. காப்பகத்துக்குப் போகும் சீட்டில் பொருளின் பெயரோடு அது எந்தச் சந்தைக்குப் போனது என்பதையும் எழுத வேண்டும் என்று பெரியவரிடம் சொன்னேன். தனியாக ஒரு கட்டம் போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் பான்பரி ஸ்ட்ரீட்டில் உள்ள புரூஃப் ஹவுஸுக்குப் போனோம். லண்டனிலிருந்து வரும் ரயில்கள் நியூ ஸ்ட்ரீட்டுக்குள் நுழையுமுன் இதன் அருகேதான் கடக்கின்றன; அந்த ரயில் சந்திப்புக்கே இதன் பெயர்தான். பக்கத்தில் கால்வாய். வாசலுக்கு மேலே கொடிகளும் பீரங்கிகளுமாக வண்ணப் புடைப்புச் சிற்பம். 1813-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவான இடம். இன்றும் வேலை நடக்கிறது. ஒவ்வொரு குழலிலும் வழக்கத்தைவிட அதிக மருந்து போட்டு இங்கே வெடித்துப் பார்ப்பார்கள். தாங்கினால் முத்திரை. தாங்காவிட்டால் குழல் பிளந்துபோகும். அப்படிப் பிளந்து வாய் விரிந்த குழல்களை எடுத்துவைத்திருக்கிறார்கள்.

பெட்டியில் கிடந்த ஒரு அறுந்த குழல் துண்டின் முத்திரைகளை நான் தாளில் பென்சிலால் தேய்த்து எடுத்துச் சென்றிருந்தேன். கிரீடத்தின் கீழ் குறுக்காக வைத்த இரண்டு செங்கோல், அது பர்மிங்ஹாம். 12 என்ற எண், அது துளையளவு. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டையாக்கினால் ஓர் உருண்டை எந்தத் துளையில் சரியாகப் பொருந்துமோ அந்த அளவு, ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர். அதற்குக் கீழே 'நாட் ஃபார் பால்' என்ற வாசகம், தனிக்குண்டு போடாதே என்ற எச்சரிக்கை. வாய்ப்பக்கம் குறுகிய குழல்களில் 1875 முதல் 1887 வரை மட்டுமே இந்த வாசகத்தைப் பொறித்தார்கள். தலை இல்லாத, பெயர் இல்லாத ஒரு துண்டுக்கு ஊரும் அளவும் பிறந்த காலமும் கிடைத்துவிட்டன. பட்டறையில் யாரோ ஒருவர் அதை அரத்தாள் போட்டுப் பளபளப்பாக்கியிருந்தால் இவற்றில் ஒன்றும் கிடைத்திராது.

'என் வேலை அல்ல' தட்டில் கடைசியில் ஒரு கைப்பிடி சாமான் மிஞ்சியது. கொக்கி போன்ற உளிகள், பல் வைத்த ஒரு வளையம், துளையிட்ட பித்தளைத் தகடு. வெளிறிய இடம், தேய்ந்த விளிம்பு, கைப்பிடியில் கட்டைவிரல் பதிந்த பள்ளம் எல்லாவற்றையும் படம் எடுத்து, எந்தப் பெட்டியில் எதனோடு சேர்ந்து கிடந்தது என்பதையும் எழுதிக் கட்டினோம். அந்தத் தொழிலைச் செய்த கடைசி மனிதரிடம் யாரும் கேட்டு எழுதி வைக்கவில்லை.

உங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் பட்டறைப் பெட்டி இருக்கலாம். அது கொல்லுலையோ, தட்டான் வேலையோ, கடிகாரப் பழுதோ, எதுவாகவும் இருக்கட்டும். துருவைச் சுரண்டாதீர்கள். ஒட்டியிருக்கும் மரச் சிம்பையும் தாளையும் பிரிக்காதீர்கள். பெட்டியில் கிடக்கும் வரிசையிலேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வேலை தெரிந்த பெரியவர் ஒருவர் ஊரில் இருந்தால், இந்த வாரமே அவர் முன்னால் பெட்டியைத் திறந்து வையுங்கள்; அவர் சொல்வதை அவர் சொல்லும் பெயரிலேயே சீட்டில் எழுதிக் கட்டுங்கள். பெட்டியில் துப்பாக்கியின் பாகம் ஏதும் கண்ணில் பட்டால் மட்டும் வைத்துக்கொண்டு யோசிக்க வேண்டாம். இந்தியாவின் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் துப்பாக்கியின் பாகங்களையும் ஆயுதம் என்றே கணக்கிடுகிறது. காவல் நிலையத்தில் தகவல் சொல்லி, என்ன செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.